கனகராயன் ஆற்றுக்கு எந்தக் கணக்கு?

வன்னியில் இரணைமடுக் குளம் கட்டிய கனகராயன் போன்ற ஆற்றுக்கும், அதில் உயிர்கள் வாழ, நீரில் பங்கு விட வேண்டும். அதைக் கணக்கிடும் முறைகள் பல; இங்கே இரண்டு. அமெரிக்க உயிரியலாளர் டெனன்ட் 1976இல் வகுத்தது வீதக் கணக்கு: ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 வீதம், மீன்கள் தற்காலிகமாகத் தப்பும் கீழ் எல்லை. எளிதுதான், ஆனால் அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஓடைகளில் பிறந்த கணக்கு. கோடையில் வற்றும் வன்னி ஆறு அதற்குப் புதிது.

1997இல் சூழலியலாளர் பொஃப் குழுவினர் முன்வைத்த இயற்கை ஓட்ட ஒழுங்கு, எவ்வளவு நீர் என்பதோடு நிற்காது. எப்போது, எத்தனை முறை, எத்தனை நாள், எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்றும் கேட்கும். மாரியில் இரணைமடு நிரம்பி வான் பாய்ந்து சுண்டிக்குளம் களப்பின் உவர்ப்பைத் தணிப்பதும் இதற்குள் அடங்கும். தரவு நிறைய வேண்டும். கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கு நீரை எண்ணிக் காக்கும் கமக்காரரின் சம்மதமும் வேண்டும் (அதுதான் கடினம்). இருந்தாலும் என் தெரிவு இதுவே: மாரி வெள்ளத்தில் கொடுக்கும் பங்கு வயலை அதிகம் வருத்தாது.