அயனியின் எலக்ட்ரான் அமைப்பு: நீண்ட வழியா, தொகுதி எண்ணா?

இரும்பு, குரோமியம் போன்ற இடைநிலை உலோகங்களின் அயனியில் எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆர்பிட்டாலில் (3டி, 4எஸ்) இருக்கின்றன என்று எழுத இரண்டு வழிகள் உண்டு. இரும்பின் 2+ அயனியையே எடுத்துக்கொள்வோம். நீண்ட வழியில் முதலில் அணுவை எழுத வேண்டும்: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்², அதாவது ஆர்கானின் அமைப்புக்கு மேல் 3டி-யில் 6, 4எஸ்-இல் 2 எலக்ட்ரான்கள். பிறகு 4எஸ்-இலிருந்து இரண்டைக் கழித்தால் 3டி⁶. பலர் சறுக்குவது இங்கேதான். கடைசியாக நிரம்பியது 3டி என்பதால் அதிலிருந்து எடுத்து, 3டி⁴ 4எஸ்² என்று எழுதிவிடுவார்கள்.

குறுக்கு வழிக்கு ஒரு கழித்தல் போதும்: தொகுதி எண் (தனிம அட்டவணையில் எத்தனையாவது நிரல் என்பது) 8, மின்சுமை 2, மீதி 6, அத்தனையும் 3டி-க்கே. குரோமியம் 3+ என்றால் 6−3, அதாவது 3டி³. குரோமிய அணு 3டி⁵ 4எஸ்¹ என்று முரண்டு பிடிப்பதைப் பற்றிக் கவலையே இல்லை.

தேர்வு அறையில் என் ஓட்டு குறுக்கு வழிக்குத்தான். ஆனால் 2+ முதல்தான் அதை நம்பலாம். தனித்த மாங்கனீசு 1+ அயனிக்கு அது 3டி⁶ என்று சொல்லும். உண்மையில் 3டி⁵ 4எஸ்¹.