கால் வெயிட்டா, வெயிட் ஜாக்கெட்டா, மலை ஏற்றமா?

போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அதிகாலைக் கூட்டம் கூடிவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். டைமிங் பத்துப் பதினைந்து விநாடி இடிக்கும்போது யாராவது ஒரு சீனியர் வந்து, "கால்ல வெயிட்டைக் கட்டி ஓடு தம்பி, கழட்டுனா பறப்ப" என்பார். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த யோசனைதான்.

ஒரே எடை, உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேலை செய்கிறது. ஓடும்போது இடுப்பு ஏறக்குறைய சீராக முன்னே போகிறது. பாதம் அப்படி இல்லை. ஒவ்வோர் அடியிலும் தரையில் நின்று, பின்னால் போய், மறுபடி வேகமெடுத்து முன்னால் வந்தாக வேண்டும். அதனால் பாதத்தில் நூறு கிராம் கூடினாலே ஓட்டத்துக்கான சக்திச் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. ஓட்டப்பந்தய ஷூக்களை இலேசாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். காலுக்கு ஒரு கிலோ கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அரை மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் இரண்டாயிரம் தடவைக்கு மேல் வீசப்படுகிறது. அந்த வீச்சை நிறுத்துவதும் திருப்புவதும் முழங்காலையும் தொடையின் பின்தசையையும் இடுப்பு மடியும் இடத்தையும் இழுக்கிற வேலை. அடி குறுகும், கால் மெதுவாக வரும். அந்த மெதுவான வீச்சைத்தான் உடம்பும் பழகிக்கொள்ளும்.

கழற்றியதும் கால் இலேசாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அது கனத்துக்குப் பழகிய தசையும் நரம்பும் தருகிற உணர்வு. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஸ்டாப்வாட்ச்சில் அந்த இலேசு வந்தே தீரும் என்று நம்பி இரண்டு மாதப் பயிற்சியைப் பணயம் வைக்க வேண்டாம்.

கையில் டம்பெல் பிடித்து ஓடுவதற்கு ஒரு வரி போதும்: தோளும் கழுத்தும் இறுகும், கால் வேகத்துக்கு அதனால் எதுவும் கிடைக்காது.

வெயிட் ஜாக்கெட் விஷயம் வேறு. எடை நெஞ்சோடும் முதுகோடும் ஒட்டியிருப்பதால் ஓடும் விதம் அவ்வளவாகக் கெடாது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் 20 சதவீத ஜாக்கெட்டோடு பத்து விநாடி ஓட்டங்கள் ஆறு ஓடிவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி ஓய்வெடுத்தபின் ஓடியபோது உச்ச வேகம் கூடியது. கவனியுங்கள், அவர்கள் ஏற்கெனவே தேறியவர்கள், சுமந்து ஓடியது மொத்தமே ஒரு நிமிடம். அதைப் பார்த்துப் புதியவர் ஒருவர் ஜாக்கெட்டோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுவது சரியில்லை. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் தரை திருப்பித் தருகிற விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை போகும். 60 கிலோ ஆள் 6 கிலோ ஜாக்கெட் போட்டால் அடிக்கு அடி 15 கிலோ கூடுதல் அடி. முன்னங்கால் எலும்புதான் முதலில் வலிக்கும். அப்புறம் மதுரை வெயில் இருக்கிறது. சித்திரையில் விடியும்போதே புழுங்கும், ஜாக்கெட் வியர்வையை உலரவிடாது.

"பட்டாளத்தில் மூட்டையோடு ஓடுகிறார்களே" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சுமப்பதே வேலை. அதற்கான பயிற்சி சேர்ந்தபின் படிப்படியாக வரும். அப்படி வந்தும், பயிற்சிக் காலத்தில் கால் எலும்பில் கீறல் விழுவது உலகம் முழுக்க ராணுவ மருத்துவர்களுக்குப் பழகிய பிரச்சினை. சுமந்தே ஆக வேண்டுமென்று ஆசையிருந்தால் பையில் கொஞ்சம் எடை வைத்து வேகமாக நடக்கலாம். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருப்பதால் அதிர்ச்சி பாதிதான்.

என் தேர்வு ஏற்றம். எடை கட்டி எதைத் தேடுகிறோமோ, அதாவது தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் கூடுதல் விசை போடுவது, அதை ஏற்றம் தருகிறது. சுமப்பது நம் உடம்பை மட்டும். பாதம் விழும் உயரமும் குறைவதால் தரையின் அதிர்ச்சியும் குறைகிறது. பசுமலைப் பக்கத்துச் சரிவு போதும். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் சாலை இன்னும் நல்லது, வண்டிகளைப் பார்த்து ஓரமாக ஓட வேண்டும். வாரம் ஒரு நாள், இருபது முப்பது விநாடி வேகமாக ஏறி, நடந்தே இறங்குவதை ஆறு தடவையில் ஆரம்பிக்கலாம். இறக்கத்தில் ஓடாதீர்கள், எடை கட்டியதுபோல முழங்காலை அடிப்பது இறக்கம்தான்.

மணலும் நல்ல மாற்று. கெட்டித் தரையைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேண்டும், அடியோ மென்மை. ஆனால் வைகையில் முள்ளும் கண்ணாடித்துண்டும் இல்லாத மணல் பரப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குதிகால் தசைநாரில் வலி உள்ளவர்கள் மணலைத் தொட வேண்டாம்.

வாங்கிவிட்ட கால் வெயிட்டை வீணாக்க வேண்டியதில்லை. படுத்தபடி காலை நேராக மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சிக்கு அது நன்றாக உதவும். பிசிக்கலுக்கு, அதாவது உடல்தகுதித் தேர்வுக்கு, இரண்டு வாரம் இருக்கும்போது ஏற்றத்தையும் குறைத்துவிட்டு, தேர்வுக்குப் போடப்போகிற அதே ஷூவில், டிராக்கில் 400 மீட்டர் ரவுண்டை 1 நிமிடம் 50 விநாடியில் பிடித்துப் பழகுங்கள். மூன்றே முக்கால் ரவுண்டும் அதே வேகத்தில் போனால் 7 நிமிடத்துக்குள் முடிந்து, கையில் சில விநாடிகள் மிஞ்சும்.