மங்கின படத்தை வைத்தே ஆடியின் கோளாறை அளப்பது: எந்த வழி தேறும்?

1990 ஏப்ரலில் மேலே போன ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய விண்மீன்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தபோது, அந்த 2.4 மீட்டர் ஆடியைக் கழற்றி வந்து சோதிக்க வழியில்லை. கலங்கின படங்களிலிருந்தே கோளப் பிறழ்ச்சி (ஆடியின் நடுவும் விளிம்பும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் கோளாறு) எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஷாக்-ஹார்ட்மன் உணரிதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். குட்டி லென்ஸ்களின் வரிசை, ஒவ்வொன்றின் புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அலைமுகம், அதாவது வரும் ஒளியலையின் வடிவம், கிடைத்துவிடும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் 1000 ஃபோட்டான் (ஒளித்துகள்) தான் வருகிறது, லென்ஸ் 100 என்றால் தலைக்குப் பத்து. அதுவும் போக, அது அளப்பது தன் பாதையின் பிறழ்ச்சியை, உங்கள் கேமராவின் பாதையை அல்ல.

அப்புறம் 1972இன் கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன்: ஆடிக்கும் படத்துக்கும் இடையே கணக்கில் மாறி மாறிப் போய், சுற்றுக்குச் சுற்று ஊகத்தைத் திருத்தும் முறை. எழுதுவது சுலபம், இருபது வரி போதும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அளந்த பிரகாசத்தின் வர்க்கமூலத்தை அப்படியே உண்மை என்று ஒட்டுகிறது, அதில் உள்ள இரைச்சலையும் சேர்த்து. வெளிச்சம் தாராளமாக இருந்தால் சரி. இல்லையென்றால் நான் இதைத் தொடமாட்டேன்.

என் ஓட்டு மேக்ஸிமம் லைக்லிஹுட்டுக்குத்தான். பத்துப் பதினைந்து செர்னிக்கே எண்களை (ஒவ்வொரு வகைப் பிறழ்ச்சியும் எவ்வளவு என்று சொல்பவை) ஊகித்து, அவை தரும் படத்தைக் கணித்து, கையில் இருக்கும் படம் வர எவை அதிக வாய்ப்புத் தருகின்றன என்று தேடுவது. பலரும் இங்கேயும் சறுக்குவது, பழக்கதோஷத்தில் லீஸ்ட் ஸ்கொயர்ஸை (வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டலைக் குறைப்பதை) போட்டுவிடுவதில். 10,000 ஃபோட்டான் விழுந்த பிக்சல் 100 அளவுக்கு ஆடும், 9 விழுந்த பிக்சல் 3 அளவுக்கு. இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்தால் விண்மீனின் பிரகாசமான நடுவின் கூச்சலில் ஓரம் பேசுவது கேட்காது, பிறழ்ச்சியின் தடயம் நிறைய இருப்பதோ ஓரத்தில். எண்ணிக்கைக்கு ஏற்ற ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கும் பாய்சான் கணக்கு அதைச் சரிசெய்யும், ஆனால் பின்னணியைக் கழித்தபின் −4 என்று ஒரு பிக்சல் வந்தால் அது திணறும். ரீட் நாய்ஸ் (பிக்சலைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் இரைச்சல்) 5 எலக்ட்ரான் என்றால் அதன் வர்க்கம் 25ஐப் படத்திலும் மாதிரியிலும் கூட்டிவிடுங்கள். −4 இப்போது 21, பாய்சானுக்கும் ஆட்சேபமில்லை.

எந்த வழியானாலும் குவியத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை நம்பாதீர்கள். வட்டத் துளையில் கூட்டல் கோளப் பிறழ்ச்சியும் கழித்தல் கோளப் பிறழ்ச்சியும் அச்சு அசலாக ஒரே படத்தைத்தான் தரும், மேடா பள்ளமா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. வேண்டுமென்றே குவியம் தப்பின இன்னொரு படம் வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகளை ஒத்திசைத்தபோதும் அப்படித்தான் எடுத்தார்கள். வீட்டு டெலஸ்கோப்காரர்கள் குவியத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று விண்மீனைப் பார்ப்பதும் இதே சங்கதி, கண்ணால் செய்கிறார்கள். எவ்வளவு தள்ளுவது என்பதுதான் தலைவலி: கொஞ்சமாகத் தள்ளினால் கூட்டலா கழித்தலா என்று பிரியாது, ரொம்பத் தள்ளினால் ஃபோட்டான்கள் பரவி ரீட் நாய்ஸுக்கு அடியில் போய்விடும். நான் ஒளியின் ஒரு அலைநீள அளவு குவியப் பிசகில் ஆரம்பிப்பேன்.