மாங்கூழ் ஆலையில் நின்றபடி ஒரு கூட்டம்: சில பருவங்களின் அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தில், எடைமேடை அருகே மாட்டியிருக்கும் பலகைக்கு முன்னால் நின்றபடியே பேசிக் கலைவதை நான்கைந்து பருவங்களாகக் கடைப்பிடித்து வருகிறோம். மே முதல் ஜூலை வரை இதைவிட நல்ல முறை எங்களுக்கு வாய்க்கவில்லை. மற்ற மாதங்களுக்கு இது போதாது.

கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரக மாம்பழத்தின் வரத்து உச்சத்தில் இருக்கும்போது பழம் நம் வசதி பார்த்துப் பழுப்பதில்லை. பாய்லர் பழுதைப் பற்றி அறைக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால், வெளியே அழுகல் கூடிக்கொண்டிருக்கும். நிற்கும்போது பேச்சு தானாகவே சுருங்குகிறது. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உட்கார்ந்து நடத்திய கூட்டங்கள் 34 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தும் முடிவுகள் மேம்படவில்லை என்று தெரியவந்தது. எங்கள் பலகை முன்பும் அப்படித்தான்.

நேரம் மிச்சமாவது நல்லதே. எனக்கு இன்னும் பெரிய லாபமாகப் படுவது பேச்சு வரிசை. மேலாளர் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே பழம் தரம் பிரிக்கும் பெண்களிடமிருந்து தொடங்குகிறோம். “சந்தூரிலிருந்து வந்த லோடில் காம்புப் பக்கம் கறுக்கத் தொடங்கிவிட்டது, அதை முதலில் ஓட்டிவிடுங்கள் சார்” என்று ஓர் அக்கா சொன்னால், ஆய்வகத்திலிருந்து பிரிக்ஸ் (சர்க்கரை) அளவு வருவதற்கு முன்பே அன்றைய வேலை வரிசை மாறிவிடும். அலுவலக அறைக்கு அழைத்தால் அதே அக்கா கதவோரம் நின்று ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார். அடுத்து பாய்லர், நிரப்பும் பிரிவு, லாரி. மேலாளர் கடைசியில்.

பலகையில் வேலை, பெயர், நேரம் என்று மூன்றே கட்டங்கள். பெயர்க் கட்டத்தில் பிரிவின் பெயரை எழுதினால் வேலை நடக்காது. ஆளின் பெயர் வேண்டும். மறுநாள் பேச்சை முடியாத வரியிலிருந்தே தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்ட வாரங்களில் கூட்டம் வெறும் வருகைப் பதிவாகிவிட்டது.

குறைகளும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களை நிற்க வைப்பது கொடுமை. இரண்டு ஸ்டூல் கட்டாயம் போடுங்கள். பலகை கூழ் எடுக்கும் கூடத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பலகையில் எழுதும் சாக்பீஸ் தூளும் உணவுப் பொருளருகே ஆகாது.

அடுத்த பருவத்துக் கொள்முதல், ஏற்றுமதி ஆர்டர் போன்றவற்றை நின்றபடி முடிவு செய்யவே கூடாது. அதற்கு உட்கார வேண்டும், கணக்கு தாளில் இருக்க வேண்டும். அமேசான் நிறுவனத்தில் கூட்டத் தொடக்கத்தில் குறிப்பை மௌனமாகப் படிக்கும் வழக்கம் உண்டு. நாங்களும் முதல் பத்து நிமிடத்தைப் படிப்பதற்கே ஒதுக்குகிறோம். போன முறை பீப்பாய் இருப்புக்கும், அதனுள் வைத்துக் கூழ் நிரப்பும் கிருமி நீக்கிய அசெப்டிக் பை இருப்புக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தவர், அதுவரை கூட்டங்களில் வாயே திறக்காத கிடங்கு எழுத்தர்.