ட்யூரரின் முயலா, மன்சூரின் வரிக்குதிரையா?

நீர்வண்ணத்தில் விலங்கு வரையப் பழைய ஓவியம் ஒன்றை முன்னால் வைத்துப் பழக நினைப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு. ஒன்று, ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502இல் தீட்டிய முயல்; வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர் 1621இல் தீட்டிய வரிக்குதிரை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டும் ஏ4 தாளை ஒட்டிய அளவுதான். ஆனால் கற்றுத்தருவது வேறு வேறு. நாய், பூனை, அணில் வரையப் போகிறவர் முயலிடம் போகட்டும். பசு, குதிரை, மான் என்றால் மன்சூர்தான்.

முயலில் ரோமம்தான் எல்லாம். முதலில் ரா சியன்னாவும் (மஞ்சள் பழுப்பு) கொஞ்சம் பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) கலந்து, நிறைய நீர்விட்டு, உடம்பு முழுவதும் ஒரே வாஷ், அதாவது மெல்லிய நீர்ப்பூச்சு. ஈரம் இருக்கும்போதே வயிற்றடியிலும் காதின் நிழலிலும் அடர்ந்த கலவையைத் தொட்டுவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் 2ஆம் எண் பிரஷை உலர்வாக எடுத்து, முனையைப் பிரித்துவிட்டு, ரோமம் படியும் திசையில் இழுக்கலாம். காதில் குட்டையாக, முதுகில் நீளமாக, மார்பில் திசை மாறி மாறி. மூன்றாவதாக, பர்ன்ட் அம்பரில் அல்ட்ராமரின் நீலம் கலந்த கருமையோடு 0 எண் பிரஷ். வெள்ளை கவாஷ் (அடியை மூடும் நீர்வண்ணம்) கடைசியில்தான்.

சறுக்குவது அந்த வெள்ளையில்தான். பழுப்பின்மேல் மெல்லிய வெள்ளை விழுந்தால் நீலம் பாய்ந்து சுண்ணாம்புபோலத் தெரியும். ஒரு துளி ரா சியன்னா சேர்த்தால் சரியாகும். சைனீஸ் ஒயிட் என்ற துத்தநாக வெள்ளை போதிய அளவு மூடாது, டைட்டானியம் வெள்ளை கவாஷ் வாங்குங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்த்தால் அடியிலுள்ள வண்ணம் கரைந்து சேறாகிவிடும். இன்னொரு பிழை, எல்லா முடியையும் ஒரே கனத்தில் இழுப்பது. முயல் முள்ளம்பன்றியாகிவிடும். ட்யூரரின் படத்தை உற்றுப் பாருங்கள்: முடிகள் எல்லாம் ஒரே கனத்தில் இல்லை, அடியிலுள்ள வாஷும் ரோமமாக நிற்கிறது. கண்ணில் ஜன்னலின் பிரதிபலிப்பு இருக்கிறது. அதை வெள்ளையால் வைக்காமல் தாளையே விட்டுவைத்தால் ஒளி கூடும்.

வரிக்குதிரையில் பிழையை மறைக்க ரோமம் கிடையாது. வெறும் பின்னணி, பக்கவாட்டுத் தோற்றம். கழுத்தின் வளைவு தவறினால் அப்படியே காட்டிக்கொடுக்கும். அந்த விலங்கைப் பார்த்தவர்களில் சிலர் வரிகளை யாரோ பூசியிருப்பார்கள் என்று நினைத்ததையும், ஆராய்ந்து தெளிந்ததையும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே வரிகளைப் பட்டையாக இழுத்து நிரப்பக் கூடாது. தசை எங்கே புடைக்கிறதோ அங்கே வரி அகலும், வளையும். ஓரங்களை நுண்ணிய சிறு கோடுகளால் முடிக்க வேண்டும். தனிக் கருப்பு வேண்டாம், செத்துப்போய்த் தெரியும். அம்பரும் அல்ட்ராமரினும் போதும்.

முகலாய முறையில் வண்ணம் மூடும் தன்மையது. மெல்லிய படலங்களாக மூன்று நான்கு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, பின்பக்கத்தை வழவழப்பான அகேட் என்ற மணிக்கல்லால் தேய்ப்பார்கள். ஸ்பூனின் முதுகும் உதவும். கனமாகப் பூசியிருந்தால் இந்தத் தேய்ப்பில் உதிரும். வண்ணத்தில் கலக்கும் பசை குறைந்தால் பொடியாகும், கூடினால் விரிசல் விடும். இதற்கென்றே பல தாள்களை ஒட்டிச் செய்யும் வஸ்லி என்ற தாள் ஜெய்ப்பூரில் இன்றும் கிடைக்கிறது. முயலுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தி ஹாட் பிரஸ் தாளே, அதாவது வழவழப்பான தாளே போதும். சொரசொரப்பான கோல்டு பிரஸ்ஸில் மெல்லிய முடிக்கோடு உடையும்.

முதல்முறை என்றால் முயலைத் தொடங்குங்கள். பார்க்கக் கடினமாகத் தெரிந்தாலும், தவறிய கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டால் அதுவும் ரோமமாகிவிடும். மன்சூர் அந்தச் சலுகையைத் தரமாட்டார், ஆனால் உங்கள் கோடுகளை அவர் செம்மைப்படுத்துவதுபோல ட்யூரரின் முயல் செம்மைப்படுத்தாது.

எதை எடுத்தாலும், நிறத்தைத் திரையைப் பார்த்து அப்படியே பொருத்த முயல வேண்டாம். பழைய தாளின் மஞ்சளும் அதில் சேர்ந்தே வரும். படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றி, அடர்த்தியை மட்டும் ஒப்பிடுங்கள். நிறத்தை நீங்கள் வரையப்போகும் விலங்கைப் பார்த்துக் கலந்துகொள்ளலாம்.