பிராண்ட்ஸ்டெட்டரா, ஸ்ட்ரேச்சியா, நோவாக்கா?

துப்பறியும் கதையும் காதல் கதையும் ஒரே சிறுகதைக்குள் குடிவந்தால் இரண்டுக்கும் இடையே இடத்தகராறு எழாமல் இருப்பதில்லை. கொலை என்றால் கடைசிப் பக்கத்துக்குள் கொலையாளி யார் என்று தெரிந்தாக வேண்டும். காதலோ அப்படிக் கணக்குத் தீர்த்துக்கொண்டு எழுந்து போகக்கூடியதன்று, அது கனிவதற்கு நாள்கள் வேண்டும். காதலர் இருவரும் ஆண்கள், கதை நடப்பது 1970, 80களின் அமெரிக்காவில் என்றாகிவிட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதையே ஊரிடம் சொல்ல முடியாத மூன்றாவது சுமையும் சேர்ந்துகொள்கிறது. ஜோசப் ஹான்சனின் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், ரிச்சர்ட் ஸ்டீவன்சனின் டொனால்ட் ஸ்ட்ரேச்சி, மார்ஷல் தார்ன்டனின் நிக் நோவாக் ஆகிய மூன்று துப்பறிவாளர்களும் இந்தச் சுமையை மூன்று விதமாகச் சுமந்தவர்கள். குறுகிய வடிவத்துக்கு யாருடைய வழி பொருந்துகிறது என்பதே என் கேள்வி.

மூவரும் காவல்துறைக்கு வெளியே நிற்பவர்கள் என்பது தற்செயலாக அமைந்ததன்று. கலிபோர்னியாவில் ஆண்களுக்கிடையிலான உறவு 1975 இறுதி வரை குற்றமாகவே இருந்தது. நியூயார்க்கில் 1980-இல்தான் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. இல்லினாய்ஸ் மாநிலம் 1962-லேயே அதைக் கைவிட்டிருந்தது, ஆனாலும் சிகாகோவின் மதுக்கூடங்களில் போலீஸ் சோதனைகள் நின்றுவிடவில்லை. சாட்சி சொல்ல வருபவனே குற்றவாளியாகிவிடக்கூடிய ஊரில் யாரும் காவல் நிலையத்தின் படியேற மாட்டார்கள். அவர்கள் தேடிப் போவது, தங்களைப் போன்றவனும் வாய் திறக்காதவனுமான ஒருவனைத்தான்.

காலத்தால் முந்தியவர் பிராண்ட்ஸ்டெட்டர். 1970-இல் வெளியான ஃபேட்அவுட் நாவலில் அறிமுகமாகி, 1991 வரை பன்னிரண்டு நாவல்களில் வருகிறார். லாஸ் ஏஞ்சலஸில் தன் தந்தை நடத்தும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில், சந்தேகத்துக்குரிய மரணங்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பது அவருடைய வேலை. தந்தையின் மறைவுக்குப் பிறகே தனித்து இயங்குகிறார். இந்த வேலையைத் தேர்ந்ததுதான் ஹான்சனின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். திருமணமோ சட்டப்படியான உறவோ வாய்க்காத இரு ஆண்களுக்கு, ஒருவர் இறந்த பிறகு, மற்றவருக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதைச் சொல்லும் காகிதம் அநேகமாக எதுவும் எஞ்சுவதில்லை. எஞ்சக்கூடிய சிலவற்றுள் ஒன்று பாலிசியில் நாமினியின் பெயர் எழுதப்பட்ட அந்த ஒற்றை வரி. மனைவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தால் நிறுவனத்துக்கு அது மோசடியின் வாடையாகத் தோன்றும், டேவுக்கோ அங்கே ஒரு குடும்பம் தெரியும். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரே ஒரு கட்டில் மட்டும் கசங்கியிருப்பதைப் பிறர் பார்த்தும் பாராமல் கடந்துவிடுவார்கள். அதே தடயத்தைத் தன் வீட்டில் பல ஆண்டுகள் மறைத்து வாழ்ந்தவனுக்கு அது உடனே கண்ணில் படும். துப்பறியும் திறமையும் காதல் வாழ்க்கையும் இங்கே ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன.

முதல் நாவலின் தொடக்கமே இதற்குச் சான்று. சிற்றூர் ஒன்றின் வானொலியில் புகழ்பெற்ற ஃபாக்ஸ் ஓல்சன் என்பவரின் கார் பாலத்திலிருந்து விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது, உடலை மட்டும் காணவில்லை. உடல் இல்லாமல் பணம் கொடுக்க முடியாது என்பதால் டேவ் அனுப்பப்படுகிறார். அவரோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னோடு வாழ்ந்த ராடைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆனவர். வேறொருவரின் மரணம் உண்மையா என்று விசாரிக்கச் செல்லும் அந்த மனிதருக்கு, தன் வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்காக அலுவலகத்தில் வெளிப்படையாக ஒரு துக்க விடுப்புக் கேட்கும் உரிமைகூட இல்லாத காலம் அது. ஹான்சன் இதைப் புலம்பலாக எழுதுவதில்லை. படர்க்கையில், வறண்ட சுருக்கமான வாக்கியங்களில், அறையையும் மழையையும் பொருள்களையும் சொல்லிக்கொண்டே போகிறார். துக்கம் அவற்றின் மீது தானாகப் படிந்துவிடுகிறது.

இருந்தும் இந்த வழிக்கு நீளம் தேவைப்படுகிறது. 1984-இல் ஐந்து புனைவுகள் கொண்ட தொகுப்பொன்றில் ஹான்சன் பிராண்ட்ஸ்டெட்டரைக் குறுங்கதைக்குள்ளும் கொண்டுவந்தார். நாவல்களைப் படித்துவிட்டு அங்கே செல்பவருக்கு டேவ் பழைய நண்பர், அவருடைய மௌனத்தின் பொருள் தெரியும். அந்தக் கதைகளிலிருந்தே தொடங்குபவருக்கு அவர் திறமையான விசாரணையாளராக மட்டும் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. ராடின் இழப்பு, அடுத்து வரும் டக் சாயருடனான பிடிப்பற்ற வாழ்க்கை, பின்னர் கறுப்பின இளம் தொலைக்காட்சிச் செய்தியாளரான செசில் ஹாரிஸுடன் அமையும் நீண்ட உறவு என்று இருபது ஆண்டுகளில் விரியும் அந்தக் காதலை முப்பது பக்கத்தில் வைத்துக் காட்ட ஹான்சனாலேயே இயலாது.

ஸ்ட்ரேச்சியின் கதை எளிது, என் பார்வையில் சற்று மெலிந்ததும்கூட. ரிச்சர்ட் லிபெஸ் என்பவர் ஸ்டீவன்சன் என்ற புனைபெயரில் 1981-இல் தொடங்கிய இந்த வரிசை நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் நிகழ்கிறது. முதல் நாவலான டெத் ட்ரிக்கில், கொலைப்பழி சுமந்து தலைமறைவான மகனைக் கண்டுபிடித்துத் தருமாறு செல்வந்தப் பெற்றோர் ஸ்ட்ரேச்சியை அமர்த்துகிறார்கள். ஸ்ட்ரேச்சியின் துணைவர் டிமதி காலஹன், மாநில அரசியல் வட்டத்தில் வேலை பார்க்கும், கத்தோலிக்க மனசாட்சி விழித்தே இருக்கும் மனிதர். காதல் இங்கே முன்பே அமைந்துவிட்டதால், அது எப்படி மலரும் என்ற கேள்விக்கு இடமில்லை. ஸ்ட்ரேச்சியின் குறுக்கு வழிகளையும் தடுமாற்றங்களையும் டிம்மி எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வார் என்பதுதான் ஆர்வத்தைத் தூண்டுகிறது. சாப்பாட்டு மேசையில் இருவரும் வழக்கைப் பேசும் இடங்கள் இனிமையானவை. ஏற்கெனவே உறுதியான ஓர் இணையை வைத்துக்கொண்டால் சிறுகதையில் அறிமுகத்துக்குச் செலவாகும் பக்கங்கள் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் காதலுக்காகவே கதையைத் தேடி வரும் வாசகருக்கு, முன்பே வென்றாகிவிட்ட காதல் நெஞ்சைப் பிசைவதில்லை. 2005 முதல் 2008 வரை இந்த வரிசை நான்கு தொலைக்காட்சிப் படங்களானதற்கு அந்த இல்லறத்தின் எளிமையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நோவாக்கின் உலகம் 1981-இன் தொடக்கத்தில் சிகாகோவில் விரிகிறது. தன்பாலீர்ப்பாளன் என்பதற்காகத் தெருவில் தாக்கப்பட்டு, அதன் விளைவாகக் காவல்துறை வேலையையும் அன்றைய காதலனையும் இழந்து, தனியார் துப்பறிவாளனாக ஒட்டிப் பிழைக்கிறான் நிக். தன் வாழ்க்கையை அவனே சொல்கிறான், அதுவும் எதையும் மென்று விழுங்காமல். 2009-இல் வந்த முதல் புத்தகம் ஒரே நாவலாக இல்லாமல் மூன்று தனித்தனி வழக்குகளைக் கொண்டது. ஒவ்வொரு வழக்கும் அந்தந்தக் கதையிலேயே முடிந்துவிடுகிறது. நிக்குக்கும், இன்னும் காவல்துறைக்குள் மறைந்து வாழும் துப்பறிவாளர் பெர்ட் ஹார்க்கருக்கும் இடையிலான பிணைப்பு மட்டும் அடுத்த கதைக்குக் கடந்து செல்கிறது. தொடக்கத்தில் சொன்ன இடத்தகராறு இங்கேதான் தீர்கிறது. முடிந்தாக வேண்டியது முடிகிறது, முடியக் கூடாதது நீள்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் வழக்குக்கு வழக்கு சீண்டிக்கொண்டே போவதைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அமைப்பின் சுகம் புதிதாக இராது. ஆனால் நிக்கும் ஹார்க்கரும் காலத்துக்குத் தப்பியவர்கள் அல்லர்.

அந்தக் காலமே தார்ன்டனின் வலுவான கருவி. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நிமோனியாவைப் பற்றிச் சிறு அறிக்கை வெளியிட்டது. எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயின் முதல் பதிவு அதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே நிக்கின் கதை தொடங்குகிறது. மதுக்கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் இருமலைக் கண்டதும் நமக்குப் பதறுகிறது, அங்கே நிற்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. கொலையாளி யார் என்ற மர்மத்துக்கு அடியில், யார் எஞ்சுவார் என்ற மர்மமும் ஓடுகிறது. ஹான்சன் அதே நோயை 1987-இல், நண்பர்கள் இறந்துகொண்டிருந்த காலத்தின் நடுவே நின்று எழுதினார். அந்த நாவலில் உள்ள கோபத்தின் சூட்டைப் பின்னோக்கிப் பார்த்து எழுதும் தார்ன்டனிடம் எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே அறிந்தவரின் நடுக்கமே தார்ன்டன் தருவது. குறுங்கதைக்கு, சொல்லாமலே உணர்த்திவிடும் இந்த நடுக்கம் மிகவும் உதவுகிறது.

எழுத்தின் நயத்துக்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் ஹான்சனைச் சொல்வேன். காதலும் மர்மமும் கலந்த குறுகிய கதையே வேண்டுமென்பவர் நோவாக்கின் முதல் மூன்று வழக்குகளிலிருந்து, வரிசை மாற்றாமல், தொடங்குவது நல்லது. அந்த வரிசையின் இரண்டாம் புத்தகத்திலும் மூன்று வழக்குகள் உள்ளன, மூன்றாவதில் இரண்டு குறுநாவல்கள் மட்டுமே, நான்காவது முழு நாவலாகிவிடுகிறது. ஹார்க்கரின் உடல்நிலை கதைக்குள் நுழைந்த பிறகு, அவருக்கு அந்தச் சிறிய அறைகள் போதவில்லை.