ரீஃப் தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 400 லிட்டர் நீர் கொண்ட என் ரீஃப் தொட்டியை, அதாவது பவளங்களும் மீன்களும் வாழும் கடல்நீர்த் தொட்டியை, நான்கு ஆண்டுகளாக ஒரே கன்ட்ரோலர்தான் கவனித்துவருகிறது; நீரின் அளவீடுகளைப் பார்த்து ஹீட்டர், பம்ப் போன்றவற்றை இயக்கி அணைக்கும் கருவி அது. வாங்குவதற்கு முன் நெப்டியூன் நிறுவனத்தின் ஏபெக்ஸ், ஜி.எச்.எல். தயாரிக்கும் புரோஃபிலக்ஸ், கோரல்வியூவின் ஹைட்ரோஸ், ராஸ்பெர்ரி பை பலகையைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ளும் திறமூலத் திட்டமான ரீஃப்-பை ஆகிய நான்கையும் பல வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தேன். எத்தனை ப்ரோப் (நீரை அளக்கும் உணரி) பொருத்தலாம், எத்தனை பிளக் செருகலாம், கைப்பேசிச் செயலி எப்படி இருக்கிறது என்பவற்றையே அப்போது அலசினேன். எதை வாங்கினேன் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. இனி நான் சொல்லப்போவது எந்தக் கன்ட்ரோலருக்கும் பொருந்தும்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கன்ட்ரோலரின் மூளை நின்றுபோனால், அல்லது மூளைக்கும் பிளக் பலகைக்கும் இடையிலான கேபிள் கழன்றுவிட்டால், ஒவ்வொரு பிளக்கும் எந்த நிலையில் நிற்கும்? சம்ப்பிலிருந்து நீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் அலை பம்ப்புகளும் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறத் தொடங்கும்; ஆகவே அவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டர், பவளங்களுக்கான கரைசல்களைச் சேர்க்கும் டோசிங் பம்ப், நீர் நிரப்பும் பம்ப் ஆகியவையோ அணைந்துவிட வேண்டும், ஏனெனில் இவ்வளவு நீர் குளிர்வதற்கு நேரம் எடுக்கும், அளவு மீறிச் சூடேறுவதுதான் பவளங்களை விரைவில் கொல்லும். இந்த நிலையை ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாகக் குறித்துவைக்க முடிகிறதா, நாம் எழுதிய நிரல் கருவிக்குள்ளேயே இருக்கிறதா அல்லது இணையம் இல்லாவிட்டால் முடங்கிவிடுமா என்பவற்றை விற்பனைப் பக்கங்களில் தேடிப் பயனில்லை. பயனர் கையேட்டைத் தரவிறக்கிப் படித்தால்தான் தெரியும்.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியது இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு. 27 டிகிரியில் ஒலிக்கும்படி வைத்திருந்த எச்சரிக்கை அதிகாலை இரண்டே முக்காலுக்கு என்னை எழுப்பியது. செயலியில் ஹீட்டர் பிளக் 'ஆஃப்' என்றே காட்டியது. சம்ப்பின் கதவைத் திறந்தபோது ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைக் கையால் பிடுங்கிய பிறகுதான் வெப்பநிலை இறங்கத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் பிளக் பலகையைத் திறந்து, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேவைக் காட்டியபோது, அதன் இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒரே கரிய மணியாக ஒட்டியிருந்தன. கன்ட்ரோலர் சரியான கட்டளையைத்தான் கொடுத்தது. அதை நிறைவேற்ற வேண்டிய உலோகத்தால் பிரிய முடியவில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் விழும்போதும் தொடுமுனையில் சிறு பொறி தெறிக்கிறது, நானோ 0.1 டிகிரி இடைவெளி வைத்து ஹீட்டரை நாள் முழுதும் அணைத்து எரியவைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின் 25.4 டிகிரியில் எரிந்து 25.8 டிகிரியில் அணையுமாறு மாற்றினேன். 300 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாக 150 வாட் ஹீட்டர்கள் இரண்டை வெவ்வேறு பிளக்குகளில் செருகினேன். ஹீட்டரிலேயே உள்ள தெர்மோஸ்டாட்டை 27 டிகிரியில் வைத்து அதை இரண்டாவது பூட்டாக்கினேன். 300 வாட் ஹீட்டர் 400 லிட்டர் நீரை மணிக்கு அதிகபட்சம் 0.6 டிகிரிக்குச் சற்று மேல் சூடேற்றும். 150 வாட் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டால் அந்த வேகம் பாதியாகிறது, எனக்குக் கிடைக்கும் நேரமும் இரட்டிப்பாகிறது.

பி.எச். ப்ரோப்பைப் பொறுத்தவரை, அது காட்டும் எண்ணைவிட வரைபடத்தின் வடிவத்தையே நான் நம்புகிறேன். விளக்குகள் அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்று கரியமில வாயு சேர்வதால் இரவெல்லாம் பி.எச். இறங்கி, விளக்கு எரிவதற்குச் சற்று முன் மிகக் குறைவாக இருக்கும். என் தொட்டியில் இது 7.9க்கும் 8.2க்கும் இடையில் ஊசலாடுகிறது. சன்னல்களை மூடிவைத்த நாட்களில் வரைபடம் முழுவதுமே கீழிறங்கிவிடும். ஒருமுறை அந்தக் கோடு படிக்கட்டுபோல் திடீரென இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நேரங்களை ஒப்பிட்டபோது, ஒரு பழைய பம்ப் ஓடும்போதெல்லாம் அந்தப் படி விழுவது தெரிந்தது. பம்ப்பிலிருந்து நீருக்குள் மின்சாரம் கசிந்து ப்ரோப்பைக் குழப்பியிருந்தது. வேதிச் சோதனை எதனாலும் அகப்படாத பழுதைக் கண்டுபிடித்துத் தந்ததற்காகவே இந்தக் கருவிக்கு நான் நன்றியுடையவன். ப்ரோப்பை மாதந்தோறும் 7, 10 ஆகிய கரைசல்களில் அளவு திருத்துகிறேன். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் புதிது வாங்கவேண்டியிருக்கிறது. உவர்ப்பு ப்ரோப்பில் நீர்க்குமிழி ஒட்டினாலே எண் குறைந்துவிடுவதால், வாரம் ஒருமுறை, ஒளி விலகலைக் கொண்டு உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் அமைப்பில் மிதவை சுவிட்சின் மேல் ஒரு நத்தை ஏறி அமர்ந்தால் போதும், பம்ப் நிற்காமல் ஓடும். எனவே ஒளி உணரி ஒன்று, மிதவை ஒன்று, இரண்டில் எது 'போதும்' என்று சொன்னாலும் பம்ப் நிற்கும் ஏற்பாட்டுடன், மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்ற வரம்பையும் வைத்திருக்கிறேன். நன்னீர்ப் பாத்திரமும் 15 லிட்டர்தான். அது முழுவதும் கொட்டினாலும் உவர்ப்பு 35இலிருந்து 33.7 அளவுக்கே இறங்கும்.

மின்தடையின்போது ரூட்டரும் சேர்ந்தே அணைந்துவிடுவதால், எச்சரிக்கை அனுப்ப வேண்டிய நேரத்தில் கன்ட்ரோலர் ஊமையாகிவிடும். கன்ட்ரோலர் பேசாமல் போனதைக் கவனித்துத் தகவல் அனுப்பும் சேவை உண்டா என்று வாங்கும் முன் பாருங்கள். கருவியையும் ரூட்டரையும் ஒரு சிறிய யூ.பி.எஸ்.ஸில் இணைத்துவிடுங்கள்.

மென்பவளங்கள் மட்டும் உள்ள சிறு தொட்டிக்கு முழுக் கன்ட்ரோலர் தேவை என்று நான் கருதவில்லை. ஹீட்டருக்கு வெளியே ஒரு தனித் தெர்மோஸ்டாட், நேர வரம்புள்ள நீர் நிரப்பி, இவை இரண்டுமே பெரும்பாலான ஆபத்தைத் தடுத்துவிடும். கடின பவளங்கள் வளர்ந்து டோசிங் தொடங்கும்போது கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளலாம். அதை நிறுவிய அன்றே மூளையின் கேபிளைக் கையால் பிடுங்கி, எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள்.